செவலை போன பிறகு

17 மே 2025, சனி

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு எங்கள் நாய் செவலை போய்விட்டாள். அன்று வைகாசி ஒன்று, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள். இங்கே வேலூர் விருதம்பட்டில், வராந்தாவில் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அப்பா, அம்மா, ஆயா, நான் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆயா ஸ்பூனால் தண்ணீர் விட்டாள். இரண்டு சொட்டு உள்ளே போனது, மீதி தாடையோரம் வழிந்தது. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. அடுத்தது வரும் என்று காத்திருந்தோம்.

பன்னிரண்டு வருஷம். 2013 தை மாதம் தம்பி காகிதப்பட்டறையிலிருந்து மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்த குட்டி. நல்ல பெயராக வைக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். ஆயா நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டது அப்படியே நின்றுவிட்டது.

எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

18 மே, ஞாயிறு

எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் கிடையாது, எல்லாம் சிமெண்ட். பாலாற்று மணலில் புதைத்துவிடலாம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி வந்தா இன்னா பண்றது?" என்றார்.

2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். தினமும் காலையில் ஓடி விளையாடிய மணலைக் காணாமல் செவலை திகைத்துப் போனாள். அந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு போகிறது. கரையில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, ஊரே வேடிக்கை பார்க்க, தொண்டை கட்டும்வரை ஆற்றைப் பார்த்துக் குரைத்தாள். தன் இடத்தில் யாரோ புகுந்துவிட்டதாக நினைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குட்டியானை வண்டி ஒன்று பிடித்து, இலவம்பாடியில் மாமா நிலத்துக்குக் கொண்டுபோனோம். ஆயாவின் பழைய நூல் புடவையில் சுற்றியிருந்தோம். மாமா கிணற்று மேட்டில் புங்கமரத்தடியில் நாலடிக்குப் பள்ளம் எடுத்து வைத்திருந்தார். கழுத்துப் பட்டையை நான்தான் கழற்றினேன். கொக்கியில் கொத்தாக முடி சிக்கியிருந்தது. இழுத்தால் வலிக்குமே என்று கை தானாக நின்றுவிட்டது. ஒவ்வொரு முடியாக விடுவித்துத்தான் எடுத்தேன்.

கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். வேறு நாய்கள் தோண்டாமல் இருக்க, மேலே வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் பரப்பினார் மாமா. பக்கத்திலேயே முள்ளு கத்திரிப் பாத்தி. 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கத்திரிதான். குட்டியாக இருக்கும்போது செவலை இதே பாத்தியில் ஒரு காயைக் கவ்வப்போய், காம்பு முள் மூக்கில் குத்தி, மாமாவின் காலுக்கு நடுவில் வந்து ஒளிந்துகொண்டாள். அதை மாமா சொல்ல ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கிளம்பும்போது ஒரு பை நிறையக் காய் பறித்துக் கொடுத்தார். அந்தப் பை இன்னும் அடுப்படியில் பிரிக்காமலே கிடக்கிறது.

20 மே, செவ்வாய்

தண்ணீரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

மாசிக் கடைசியிலிருந்தே அதிகமாகக் குடித்தாள். ஒரு சட்டி போதும் என்று இருந்தவளுக்கு மூன்று சட்டி தேவைப்பட்டது. எனக்கு அதில் சந்தோஷம். வெயில் வருவதற்குள் நன்றாகத் தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டாள் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ராத்திரியில் இரண்டு தடவை கதவைப் பிறாண்டி வெளியே போனாள். வயசாகிவிட்டது என்றோம். இளைத்தாள். வேலூர் வெயிலுக்கு யாருக்குத்தான் சோறு இறங்குகிறது என்றோம். எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டோம்.

சித்திரைக் கடைசியில் வாந்தி. வாயில் மூத்திர நெடி மாதிரி ஒரு நாற்றம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஒன்றரையைத் தாண்டக்கூடாதாம், அவளுக்கு 9.2. கிட்னி கெட்டுப்போனால் சிறுநீரைச் சுண்ட வைக்க முடியாது, குடிப்பதெல்லாம் வெறும் தண்ணீராகவே போய்விடும், அதை ஈடுகட்டத்தான் குடித்துக்கொண்டே இருக்கும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுமாம். ஐந்து நாள் சலைன் ஏற்றினோம். காலில் ஊசி குத்தியிருக்க, அசையாமல் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

முன்னாடியே வந்திருந்தால் என்று கேட்டேன். "குணமாகாதும்மா. சாப்பாட்டை மாத்தி, மருந்து குடுத்து கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள்? நாலு நாளில் இதைத்தான் நூறு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் வயசான நாய் இருந்து, திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடித்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பாருங்கள். தயவுசெய்து.

23 மே, வெள்ளி

ராணிப்பேட்டையில் ஆபீசுக்குப் போனேன். லீவு லெட்டரில் வீட்டில் துக்கம் என்று எழுதியிருந்தேன். யாருக்கு என்று கேட்டார்கள், சொன்னேன். ஒரு நாய்க்கா என்றார் ஒருவர். பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். "பன்னெண்டு வருசம் நம்ம ஊட்டுச் சோறு துன்னுக்கினு, நம்ம வாசப்படியில படுத்துக்கினு இருந்தா. அவளுக்கு அழுவாம யாருக்கு அழுவுறது?" என்றாள்.

28 மே, புதன்

இன்றோடு கத்திரி வெயில் முடிகிறது.

வராந்தா சுவரில் அவள் சாய்ந்து படுக்கும் இடத்தில் ஒரு கறை இருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு, பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பாள், மாசி பிறப்பதற்குள் பழையபடி வந்துவிடும். இன்று கறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது.

1 ஜூன், ஞாயிறு

வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள். அம்மா யாரிடமும் சொல்லாமல் தயிர்சோறு பிசைந்து வாசலில் வைத்திருந்தாள். காக்கா வந்து தின்றது.

இவ்வளவு நாளும் டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். இன்று அப்பாவுக்குப் பால் வாங்க வேண்டியிருந்தது. "இன்னாம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்கார அண்ணன் பாட்டிலைத் திறந்து ஒரு பொறை பிஸ்கட்டை எடுத்துப் பேப்பரில் சுற்றினார். காசு வாங்க மாட்டார், அது அவர் செவலைக்குத் தரும் கணக்கு. கையில் வாங்கிக்கொண்டேன். வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டவ்வைச் சிறிதாக்கிவிட்டு, "எப்போம்மா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வாரம் பொறையை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாளாம். அப்போதே நினைத்தேன் என்றார்.

8 ஜூன், ஞாயிறு

ஆவணியில் தம்பி கல்யாணம். பெயிண்டர் வந்து அளவெடுத்தார். வராந்தாவில் நின்று, "இது இன்னா சார், எண்ணெய்க் கறையா? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பிரைமர் அடிச்சாதான் மறையும்" என்றார்.

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா பெயிண்டரின் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினார். குனிந்து, கறையைச் சுற்றி மெதுவாக ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு வெளிய அடிச்சா போதும்பா."