கோடு போட்டப்புறம்தான் ஓட்டு

டிகிரியில அரசியல் அறிவியல் எடுத்தவங்க எல்லாருக்கும் அந்த சாப்டர் ஞாபகம் இருக்கும், தாராளவாதம், பழமைவாதம், சோஷலிசம், கம்யூனிசம், தேசியவாதம்னு வரிசையா வரும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அறிஞர் பேரு, நாலு பாயிண்ட், பத்து மார்க். அதுக்கு முன்னாடி வந்திருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு அந்த புக்ல எங்கயுமே கிடையாது. மக்களாட்சி சரி, எந்த மக்கள்? பெரும்பான்மை முடிவு பண்ணட்டும் சரி, எந்தக் கோட்டுக்குள்ள தலை எண்ணினா பெரும்பான்மை? மதுரையில உக்காந்து படிக்கிறவங்களுக்கு இது தோணாமலே போகலாம், தமிழ்நாடு-கேரளா எல்லையில களியக்காவிளை பக்கம் பிறந்து வளந்த எங்களுக்கு இதுதான் முதல்ல தோணும், ஏன்னா எங்க தாத்தா பாட்டியெல்லாம் வீட்டை விட்டு நகராமலே மாநிலம் மாறினவங்க.

ஐவர் ஜென்னிங்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் சட்ட அறிஞர், 1956ல எழுதினாரு, மக்கள் முடிவு பண்ணணும்னா மக்கள் யாருன்னு முதல்ல வேற யாராவது முடிவு பண்ணியாகணும்னு. அவரு இலங்கை அரசியலமைப்பு உருவானப்போ அங்க ஆலோசனை சொன்னவரு, அதே இலங்கையில 1948ல ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்களை நாடே இல்லாதவங்களாக்கிடுச்சு, அதை செஞ்சதும் ஓட்டுல ஜெயிச்சு வந்த பார்லிமென்ட்தான். ஷும்பீட்டர்னு ஒரு பொருளாதார அறிஞர் 1942லயே ஜனநாயகம்னா தலைவர்கள் ஓட்டுக்காகப் போட்டி போடுற ஒரு முறை, யாரை உள்ள சேக்கணும்ங்கறதை அந்தந்த சமூகமே பாத்துக்கட்டும்னு விட்டுட்டாரு. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் அதை விடல, அப்படின்னா கருப்பினத்தவங்களை ஓட்டுல இருந்து ஒதுக்கி வெச்ச அமெரிக்கத் தென்மாநிலங்களையும் ஜனநாயகம்னுதானே சொல்ல வேண்டி வரும்னு கேட்டாரு. எனக்கு டால் பக்கம்தான் நியாயமாப் படுது.

இப்போ எங்க ஊர் கதைக்கு வரேன். 1954ல நாங்க திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தோம். அந்த வருஷத் தேர்தல்ல மொத்தம் 117 சீட்டு, காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாட்டோட சேரணும்னு போராடின நேசமணி ஐயாவோட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12. காங்கிரஸ் வெளிய இருந்து ஆதரவு கொடுக்க 19 சீட்டு வெச்சிருந்த சோஷலிஸ்ட் கட்சியோட பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர் ஆனாரு. அந்த 12ஐப் பாருங்க. தமிழ் பேசுற தாலுகாக்கள்ல ஜெயிச்ச 12 அது, அடுத்த தேர்தல்ல இன்னும் நல்லா வேலை செஞ்சா 60 ஆகும்னு சொல்ல முடியாது, எத்தனை தேர்தல் வந்தாலும் அது அந்த அளவுக்குள்ளதான் நிக்கும். அம்பேத்கர் 1955ல மொழிவாரி மாநிலங்கள் பத்தி எழுதினப்போ சொன்னது இதுதான், அரசியல் பெரும்பான்மை உருவாகுறது, மாறும், ஆனா பிறப்பால வர்ற பெரும்பான்மை மாறாது. கட்சிப் போட்டியை வெச்சு ஜனநாயகத்தை விளக்குற தியரி எல்லாம் இந்த இடத்துல வந்து நின்னுடுது, ஏன்னா இன்னிக்கு தோத்தவன் நாளைக்கு ஜெயிப்பான்ங்கற நம்பிக்கைதான் அந்த தியரிக்கே அஸ்திவாரம்.

1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுச்சு, தமிழ்நாட்டோட சேக்கணும்னு கேட்டு ஊர்வலம் போனவங்களை. பலர் செத்தாங்க. சுட உத்தரவு போட்டது ராஜா இல்ல, வெள்ளைக்காரன் இல்ல, சமத்துவம் பேசி வந்த சோஷலிஸ்ட் அரசாங்கம். அந்தக் கட்சியோட பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போ உத்தரப் பிரதேசத்துல ஜெயில்ல இருந்தாரு, அங்க இருந்துகிட்டே தன்னோட கட்சி அரசாங்கம் ராஜினாமா பண்ணணும்னு சொன்னாரு. சுதந்திர இந்தியாவுல ஆயுதம் இல்லாத ஜனங்க மேல மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம் சுடக் கூடாதுங்கறது அவரோட நிலைப்பாடு, அது தன் கட்சியா இருந்தாலும் சரி. கட்சி கேக்கல. அவரு பொதுச்செயலாளர் பதவியை விட்டாரு, அடுத்த வருஷக் கடைசியில தனிக் கட்சியே ஆரம்பிச்சாரு. தமிழே தெரியாத ஒருத்தர், இந்த ஊர் ஓட்டு அவருக்கு தேவையே இல்ல, அவரு எங்களுக்காகத் தன் கட்சியையே எதிர்த்து நின்னாரு. இதை மார்த்தாண்டத்துல பசங்க தெரிஞ்சு வளரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, கட்சி வித்தியாசம் இல்லாம.

1956 நவம்பர் 1 அன்னிக்கு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும், செங்கோட்டையில ஒரு பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துச்சு. தேயிலைத் தோட்டம் நிறைஞ்ச தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவுலயே நின்னுச்சு, தோட்ட வேலைக்கு வந்தவங்களாலதான் அங்க தமிழ் ஜாஸ்தின்னு சொல்லி. வேலை செஞ்ச மண்ணுல தலைமுறை தலைமுறையா பிறந்து செத்தவங்களை வந்தவங்கன்னு சொல்றது எனக்கு அன்னிக்கும் இன்னிக்கும் ஏத்துக்க முடியாத வாதம். ஆனா அதே நாள்ல விளவங்கோட்டுல இன்னொண்ணும் நடந்துச்சு, அதை நாம பேசறதே இல்ல. முந்தின நாள் வரைக்கும் பெரும்பான்மையா இருந்த மலையாளம் பேசுற குடும்பங்க காலையில எந்திரிச்சப்போ சிறுபான்மை. கோட்டை எங்க போட்டாலும் ஒரு கூட்டம் தப்பான பக்கத்துல மாட்டும்.

அதனாலதான் தேசியவாதம் கொடுக்கிற பதில் எனக்குப் போதல, அது தமிழ்த் தேசியமா இருந்தாலும். மொழிவாரியா பிரிச்சது சரிதான், நான் அதோட வாரிசு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனா பிரிச்சப்புறம் மிச்சம் இருக்கறவங்களுக்கு அந்த சித்தாந்தத்துல பதில் இல்ல. தாராளவாதத்துல இருக்கு, தலை எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட சில உரிமைகள் வேணும்ங்கறது. மாநில எல்லை மாறின அதே 1956 நவம்பர் 1 அன்னிக்கே ஏழாவது திருத்தம் மூலமா அரசியலமைப்புல 350ஏ பிரிவு வந்துச்சு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைங்களுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில கிடைக்க மாநிலங்க முயற்சி எடுக்கணும்னு. முயற்சி எடுக்கணும், அவ்வளவுதான் அதுல இருக்கு, கட்டாயம்னு இல்ல, அதுல எனக்கு வருத்தம் உண்டு. 2006ல தமிழ்நாடு பள்ளிகள்ல தமிழைக் கட்டாயமாக்கினதால மொழிச் சிறுபான்மைப் பிள்ளைங்க பரீட்சை விலக்கு கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. 2017ல கேரளா மலையாளத்தைக் கட்டாயமாக்குச்சு, அங்க இருக்கற தமிழருக்கும் கன்னடருக்கும் அதே பயம். ரெண்டு பக்கமும் ஓட்டு வாங்கி வந்த அரசாங்கம், ரெண்டு பக்கமும் பெரும்பான்மைக்கு அது சந்தோஷம்.

தேவிகுளத்துல இன்னும் கேள்வி ஓயல. 2021ல ஜெயிச்ச ஏ. ராஜா கேரள சட்டசபையில தமிழ்ல பதவிப்பிரமாணம் எடுத்தாரு. தனித்தொகுதியில நிக்க அவருக்குத் தகுதி இல்லன்னு வழக்கு வந்துச்சு, மதம் பத்தின கேள்வியோட அவங்க குடும்பம் எப்போ தோட்டத்துக்கு வந்துச்சு, 1950ல அங்க இருந்துச்சாங்கற கேள்வியும் சேந்து. 2023ல ஹைகோர்ட் தேர்தலை ரத்து பண்ணுச்சு, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை மாத்தி, அவரு ஜெயிச்சது செல்லும்னு சொல்லிடுச்சு. ஜனங்க ஓட்டு போட்டு ஜெயிக்க வெச்ச ஒருத்தரோட தாத்தா காலத்து விலாசத்தைத் தேடி நாலு வருஷம் போச்சு.