வால்தம்ஸ்டோவுல ஒரு நீலக்கை டிசைனர் வீடு

லண்டன் விக்டோரியா லைன்ல கடைசி ஸ்டேஷன் வால்தம்ஸ்டோ சென்ட்ரல். அங்க இறங்கி கால் மணி நேரம் போல நடந்தா லாய்ட் பார்க், அதோட வாசல்லயே வில்லியம் மாரிஸ் கேலரி. மாரிஸ்னா பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துல துணி, வால்பேப்பர் டிசைன் போட்டவர். 1848-லேர்ந்து 1856 வரை அவர் குடும்பம் குடியிருந்த வீடுதான் இது. டிக்கெட் கிடையாது, லண்டன்ல அதுவே பெரிய விஷயம்.

நான் போனது 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணிக்காகத்தான். தோட்டத்துல பழம் திருட வர்ற குருவிங்கள வச்சு 1883-ல மாரிஸ் போட்ட டிசைன். படமா ஆயிரம் தடவ பாத்திருப்போம், ஆனா அத எப்படி அச்சடிச்சாங்கன்னு தெரிஞ்சப்புறம் பாத்தா வேற மாதிரி இருக்கு. முதல்ல துணி முழுசையும் அவுரி நீலத்துல முக்கி எடுத்துடுவாங்க, அப்புறம் எங்க நீலம் வேணாமோ அங்க மட்டும் மரக்கட்டை அச்சால வெளுக்குற மருந்த ஒத்தி நீலத்த எடுக்கணும், பாதி எடுத்தா வெளிர்நீலம், முழுசா எடுத்தா வெள்ளை, அந்த வெள்ளையில சிவப்பும் மஞ்சளும் ஏத்தணும், மஞ்சள் நீலத்து மேல விழுந்தா பச்சை. ஒரு கட்டை நகந்தாலும் குருவி மூக்கு கோணிக்கும்!

அப்பல்லாம் கெமிக்கல் சாயம் மார்க்கெட்டுக்கு வந்தாச்சு, சீக்கிரம் வெளுத்துடும்னு இவருக்கு அது புடிக்கல. லீக்னு ஒரு ஊர்ல தாமஸ் வார்டில்ங்கிற சாயக்காரர் பட்டறைக்குப் போய் இவரே தொட்டியில கைய விட்டுக் கத்துக்கிட்டாரு, கையெல்லாம் நீலமாவே திரிஞ்சிருக்காரு. 1881-ல தெற்கு லண்டன் மெர்டன் அபேயில, வேண்டில் ஆத்தங்கரையில சொந்தப் பட்டறை.

இவ்ளோ வேலைன்னா விலை சும்மாவா, மாரிஸோட கம்பெனி அச்சுத்துணியிலயே ரொம்ப காஸ்ட்லி ரகத்துல இதுவும் ஒண்ணு. கூத்து என்னன்னா அதே 1883-லதான் மனுஷன் சோஷலிஸ்ட் கட்சியில சேர்றாரு. துண்டுப்பிரசுரம் தூக்கிட்டுப் போன தோள்பையக்கூட கேலரியில வச்சிருக்காங்க. பணக்காரன் வீட்டு ஜன்னலுக்குத் திரை வித்துட்டு சாயங்காலம் தெருமுனையில புரட்சி பேசுறதா? எனக்கு இது கடைசி வரை ஒட்டல, ஆனா அவருக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கு.

என்னைக் கேட்டா பொண்ணு மேய் மாரிஸ்தான் இன்னும் சுவாரஸ்யம். 23 வயசுல, 1885-ல, கம்பெனியோட எம்ப்ராய்டரி பிரிவு மொத்தமும் அவங்க பொறுப்பு. 'ஹனிசக்கிள்' வால்பேப்பர் அவங்க போட்டது, அப்பா பேர்லயே ரொம்ப நாள் ஓடிச்சு. கலைஞர் சங்கத்துல பெண்கள சேக்கலன்னு 1907-ல பெண்களுக்கு தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க.

நேரம் இருந்தா மெர்டனுக்கும் போங்க, கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன். ஆத்துல பழைய தண்ணிச்சக்கரம் இருக்கு, நல்லாவும் இருக்கு, ஆனா அது லிபர்ட்டின்னு வேற ஒரு கம்பெனி துணி அச்சடிச்ச இடம், மாரிஸ் பட்டறை அதுக்குப் பக்கத்துல இருந்துது, அத எப்பவோ இடிச்சுட்டாங்க.