பத்து மாத ஜியு-ஜிட்சு: மொட்டை மாடியில் தம்பியோடு செய்து பார்த்தது

பெங்களூரு இந்திராநகரில் ஜியு-ஜிட்சு (எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தரையில் மடக்கும் சண்டைக் கலை) வகுப்பு சேர்ந்து இந்த வாரத்தோடு பத்து மாதம். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரை மணி, அல்சூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன். இன்னும் ஆரம்பநிலை வெள்ளை பெல்ட்தான், அதில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது.

உடம்பு இளைக்க நான் சேரவில்லை. போன வருடம் ஒரு ராத்திரி, வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், ஒருவன் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்ததில் கீழே விழுந்துவிட்டேன், மேலே முட்டி போட்டு அழுத்தினான். மாவுக்கடைக்காரர் ஷட்டரை இறக்க வெளியே வந்ததும் ஓடிவிட்டான். அந்தச் சில நொடிகளில் எந்தப் பக்கம் அசைவது என்றே என் உடம்புக்குத் தெரியவில்லை. அது மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் மேட்டில் (பயிற்சி மெத்தையில்) இறங்கும்போது ஒரே கேள்விதான்: இது அன்றைக்கு உதவியிருக்குமா?

முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் ஷ்ரிம்ப், பிரிட்ஜ். மல்லாந்து படுத்து இடுப்பை ஒதுக்கி ஒதுக்கி மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவது, இடுப்பைத் தூக்கி மேலே இருப்பவரைச் சாய்ப்பது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் கலையின் கணக்கே கீழே மாட்டிக்கொண்ட சின்ன ஆள் என்ன செய்யலாம் என்பதுதான். ஜப்பானிய ஜூடோக்காரர் மிட்சுயோ மாயேடா 1914-ல் பிரேசில் போய், பிறகு கார்லோஸ் கிரேசிக்குச் சொல்லிக்கொடுத்தது, கிரேசி குடும்பத்தின் கையில் தரைச் சண்டையாக வளர்ந்தது. 1993-ல் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டி முதல்முறை நடந்தபோது ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி, எடைப் பிரிவே இல்லாமல், ஒரே இரவில் மூன்று பேரைச் சரணடைய வைத்தார். அங்கேயும் ஒருவருக்கு ஒருவர்தான், தரையும் மெத்தைதான் என்பதை நான் பின்னால்தான் யோசித்தேன்.

என் எடை 56 கிலோ. ரோலிங்கில் (இருவர் நிஜமாக எதிர்த்துச் செய்யும் பயிற்சிச் சண்டையில்) அடிக்கடி கிடைக்கும் பார்ட்னர் 85 கிலோ. முதல் மாதம் அவர் மவுன்டில், அதாவது என் மேல் இருபுறமும் கால் போட்டு, உட்கார்ந்தாலே, பூட்டு எதுவும் போடும் முன்பே, மூச்சு முட்டி டேப் அடித்து (கையால் தட்டி) விட்டுக்கொடுத்துவிடுவேன். இப்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, சின்னச் சின்னதாக மூச்சு விட்டு, அவர் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காத்திருக்க முடிகிறது. ஆபீசில் முன்பு ஒரு தற்காப்புப் பயிற்சி நடத்தினார்கள், கண்ணைக் குத்து, முட்டியால் இடி என்று, எதிரில் நிற்பவர் அசையாமல் நிற்பார். இங்கே எதிரில் இருப்பவர் நிஜமாகவே விடமாட்டார். எனக்கு வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சரி, மேட்டில் சரியாக வருவது சிமென்ட்டில் வருமா? போன மாதம் மொட்டை மாடியில் தம்பியோடு மூன்று ராத்திரி செய்து பார்த்தேன். நான் சுடிதார், துப்பட்டா, தோளில் பை, தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். அவன் ஜீன்ஸ், ஷூ, கையில் பைக் ஓட்டும் கையுறை. ஹெல்மெட்டில் அவன் தட்டும் ஒவ்வொரு தட்டும் ஒரு அடி என்று கணக்கு.

முதல் ராத்திரி மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. வகுப்பில் நான் நம்பியிருப்பது க்ளோஸ்டு கார்டு, அதாவது கீழே படுத்து இரண்டு காலாலும் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொள்வது. அங்கே அது நிம்மதியான இடம், ஏனென்றால் அங்கே யாரும் அடிப்பதில்லை. இங்கே தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான், ஒரு நிமிடத்தில் பதினோரு அடி. அவன் தலையை இழுத்து என் மார்போடு ஒட்டிப் பிடித்தால்தான் அடி குறைகிறது. முழங்கை வேறு சிமென்ட்டில் தேய்ந்து தோல் போய்விட்டது.

இரண்டாம் ராத்திரி நோக்கத்தை மாற்றினேன். ஜெயிக்க வேண்டாம், எழுந்து மாடிப்படிக் கதவைத் தொட்டால் போதும். இடுப்பை ஒதுக்கி, ஒரு பாதத்தை அவன் இடுப்பில் வைத்துத் தள்ளி, ஒரு கையை ஊன்றிக் காலைப் பின்னால் இழுத்து எழுவது, டெக்னிக்கல் ஸ்டாண்ட்-அப் என்பார்கள். பன்னிரண்டு தடவையில் ஏழு தடவை கதவைத் தொட்டேன். தொடாத ஐந்தில் மூன்றில் அவன் துப்பட்டாவைப் பிடித்துவிட்டான். கி எனும் பயிற்சி உடையின் காலரைப் பிடித்துக் கழுத்தை நெரிக்க வாரத்துக்கு மூன்று நாள் பழகுகிற எனக்கு, நானே ஒரு காலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறேன் என்று தோன்றவே இல்லை. இப்போது ராத்திரி தனியாக வரும்போது துப்பட்டா பைக்குள் போய்விடுகிறது.

மூன்றாம் ராத்திரி தம்பி தன் நண்பனையும் கூட்டி வந்தான். நான் ஒருவனோடு கட்டிப் புரளும்போது மற்றவன் சும்மா என் தலைமாட்டில் வந்து நின்றான். அவ்வளவுதான், முடிந்தது. கத்திக்குப் பதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா கொடுத்துப் பார்த்தோம், இருபது நொடியில் என் மேல் ஒன்பது கோடு. இரண்டு பேர் என்றாலோ கையில் ஏதாவது இருந்தாலோ பையைக் கொடுத்துவிட்டு ஓடுவதுதான் சரி, தரைக்கே போகக்கூடாது.

இதே காரணத்தால் சோக், அதாவது கழுத்தை நெரிக்கும் பிடி, பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. பின்னாலிருந்து கையால் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும் ரியர் நேக்கட் சோக் சரியாக விழுந்தால் கழுத்தின் இரு பக்க ரத்த ஓட்டமும் தடைப்பட்டுச் சில நொடிகளில் ஆள் மயங்கிவிடுவார். ஆனால் அவரைப் பிடித்திருக்கும் வரை நானும் அங்கேயே இருக்கிறேன். அப்புறம் சட்டமும் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை பற்றித்தான், அதிலேயே தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. மயங்கியவரின் கழுத்தை விடாமல் பிடித்திருப்பதைத் தற்காப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

அன்றைக்கு வந்தவன் ஒருவன்தான், கையில் ஒன்றும் இல்லை, கீழே கிடந்த என்னால் எழ முடியவில்லை. அந்த ஒரு இடத்துக்கு இந்தப் பத்து மாதம் உதவியிருக்கும் என்று இப்போது நம்புகிறேன். விழுவதற்கு முன்னால் அவன் என் கையைப் பிடித்த அந்த நொடிக்கு இன்னும் என்னிடம் எதுவும் இல்லை, வகுப்பில் பாதி நேரம் முட்டி போட்டபடிதான் ரோலிங் தொடங்குகிறோம். கோச்சிடம் கேட்டேன், இனி செவ்வாயும் வியாழனும் நின்றபடி தொடங்கலாம் என்றார். டீ-ஷர்ட் போட்டவனிடம் கி காலர் பிடி உதவாது என்பதால் சனிக்கிழமை நோ-கி (கி உடை இல்லாத) வகுப்பும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று ராத்திரியும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பார்த்த அம்மா, "ஏண்டி, தலையில பட்டா யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் காலையில் அவராகவே வந்து கையை நீட்டி, "இப்படிப் புடிச்சா எப்படி விடுவிக்கிறது, சொல்லு" என்றார். கட்டைவிரல் பக்கம்தான் பிடி தளர்வு, அந்தப் பக்கமாகத் திருப்பி முழங்கையை உள்ளே கொண்டுபோங்கள் என்று காட்டினேன். தம்பி பிடித்தான். ஆறாவது தடவை வந்துவிட்டது.