கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய்

ஜூன் 11

கருப்பன் காலையிலும் சோறு தொடவில்லை. மோர் சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பால்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், நாயி துன்னலியா? வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், வுடு" என்றார். இருக்கும். கத்திரி முடிந்து இரண்டு வாரமாகியும் காட்பாடியில் அனல் அடங்கவில்லை.

ஜூன் 12

வெயில் இல்லை. காது மடலுக்குள் ஆமணக்குக் கொட்டை மாதிரி ஒரு உண்ணி, சுற்றி எள்ளளவில் ஏழெட்டு. இடுக்கியால் அடியோடு பிடித்து, வாய் உள்ளே நின்றுவிடாமல் மெதுவாக இழுத்து, கொட்டாங்குச்சி மண்ணெண்ணெயில் போட்டேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். கால்விரல் இடுக்கில் இன்னும் இருக்கிறது.

ஜூன் 14

உண்ணிக் காய்ச்சலாம். பிளேட்லெட் 28,000தான். ஈறு வெளுத்திருக்கிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள், சாப்பிட்ட பிறகு. சாப்பிடாத நாய்க்கு எப்படிச் சாப்பிட்ட பிறகு கொடுப்பது என்று கேட்டேன். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூன் 15

பாப்பா ஸ்வால்பார்டிலிருந்து பேசினாள், வடதுருவத்துப் பக்கத்து நார்வே தீவுகள். எடுத்ததுமே "கருப்பன் எங்கப்பா?" "தூங்குறாம்மா." பொய்யில்லை.

அவளும் உண்ணிதான் எண்ணுகிறாளாம்! கில்லமாட் என்றொரு கடல் பறவை மேல். கூடே கட்டாது; செங்குத்துப் பாறை விளிம்பில், வெறும் கல்லில், ஒரே ஒரு முட்டை. அப்பனும் ஆத்தாளும் மாறி மாறி ஒரு மாதத்துக்கு அடைகாக்கின்றன. அடையில் இருப்பது அரித்தாலும் எழுந்து போகாது. உண்ணிக்கு வேறென்ன வேண்டும்?

ஜூன் 16

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 19

இக்ஸோடஸ் யூரியே. பாப்பாவின் உண்ணிக்கு அதுதான் பெயர், எழுதி வாங்கிக்கொண்டேன். ஆயுளுக்கே மூன்று வேளைதான் ரத்தம்: பொரிந்ததும் ஒன்று, இடைப்பருவத்தில் ஒன்று, வளர்ந்த பிறகு ஒன்று. வளர்ந்த ஆண் குடிப்பதே இல்லை. மிச்ச நாளெல்லாம் கல்லிடுக்கில் கும்பலாகக் கிடக்கும். பனி மூடும், விலகும், பறவை திரும்பி வரும், ஒரு வேளைச் சாப்பாடு. இப்படியே பல வருஷம். நம்மூர் நாய் உண்ணி இந்த வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் கதையை முடித்துக்கொள்கிறது. அந்தப் பொறுமை இதற்கு இல்லை. எனக்கும் இல்லை.

குளிர்காலச் சராசரி 1 டிகிரி ஏறினால், அடுத்த கோடையில் உண்ணி பிடித்த பறவைகள் 5 சதவீதம் கூடுகின்றன என்று 2013இலேயே அங்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1 டிகிரி! இங்கே 41க்கும் 42க்கும் யார் வித்தியாசம் பார்க்கிறார்கள்?

ஜூன் 20

அரை இட்லி. மாத்திரையை அதற்குள் வைத்தேன். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினான்.

ஜூன் 23

ராத்திரி இரண்டு மணி. தூக்கம் வரவில்லை, டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தேன். சுவிட்ச் போர்டுக்கு மேலே உள்ள விரிசலில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பாப்பா சொன்ன அதே கும்பல். காலையில் சிமெண்ட் குழைத்துப் பூசினேன். "நாய்க்காக வீட்டையே பூசறீங்களா?" என்று கேட்டாள் இவள். பிறகு அவளேதான் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

ஜூன் 27

பாப்பாவின் மணிக்கட்டில் ஒன்று ஊர்ந்ததாம்.

"கடிச்சுதா?"

"ஊர்ந்துதுப்பா, அவ்ளோதான்."

ஃபோனை வைத்த பிறகும் அதே நினைப்பு. அந்த உண்ணிக்குள் பொரீலியா என்ற கிருமி இருக்கலாம். உண்ணிக் கடியால் வருகிற லைம் நோயைத் தருகிற வகை. எலி, மான் எதுவும் வேண்டாம், கடல் பறவையும் உண்ணியுமே போதும், கிருமி சுற்றிக்கொண்டிருக்கும். 1993இல் ஸ்வீடன் பக்கத்துத் தீவு ஒன்றில் கண்டுபிடித்தார்கள். பிறகு தெற்கே, தென்துருவத்தை ஒட்டிய தீவுகளிலும் அதே கிருமி. நடுவில் நம்ம வெயில் முழுக்க இருக்கிறது, அதை எப்படித் தாண்டியது? பறவையோடு பறந்து போயிருக்கும் என்கிறாள். அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்.

கடித்தால் என்ன செய்வாய் என்றேன். "பெட்டியில டாக்ஸிசைக்ளின் இருக்குப்பா."

இங்கேயும் அதுதான்மா என்று வாய் வரை வந்துவிட்டது.

ஜூன் 28

மூக்கில் ரத்தம். துடைத்தேன். இரண்டு சொட்டுதான்.

ஜூலை 2

பிளேட்லெட் 61,000. ஏறியிருக்கிறது. ஏறியிருக்கிறதுதானே? டாக்டர் சிரிக்கவில்லை.

ஜூலை 3

இரண்டு இட்லி!! வாலை ஒரு தடவை தரையில் தட்டினான்.

ஜூலை 5

சாப்பிடவில்லை. உடம்பு முழுக்கத் தேடினேன், ஒரு உண்ணிகூட இல்லை. இருந்திருந்தால் பிடுங்கவாவது செய்திருப்பேன்.

ஜூலை 6

நாளை வீடியோவில் வருகிறாளாம். கருப்பனைத் திண்ணையில் உட்கார வைத்துக் காட்டச் சொல்கிறாள்.