காரையில் கடல் எத்தனை பாகம்?

காலை ஏழு மணிக்கு முன்பே பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரின் ஓடைகளுக்குள் இறங்கிவிட்டோம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் திரும்பி வந்தால், வயல்களெல்லாம் திடீரென்று முடிந்து, மழை அரித்துப் பிளந்த களிமண் மேடுகள் தொடங்குகின்றன. செடிகொடி அதிகம் கிடையாது. களிமண்ணுக்குக் குறுக்கே ஜிப்சம் பட்டைகள் கண்ணாடிச் சில்லு போல மின்னுகின்றன. காலடியில் இருப்பது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. அந்தக் கடல் எத்தனை பாகம், அதாவது எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

நான் இங்கே வருவது இரண்டாவது முறை. முதல்முறை ஓர் அம்மோனைட்டை, அதாவது அழிந்துபோன ஒரு கடல் மெல்லுடலியின் சுருள் ஓட்டைப் பார்த்ததுமே, ‘அம்மோனைட் இருக்கிறது, எனவே ஆழக்கடல்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினேன். நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அது அங்கேயே வாழ்ந்ததா, வந்து விழுந்ததா?” என்னிடம் பதில் இல்லை. அதற்காகவே இந்தப் பயணம். என்னைவிட மூத்தவர், சார் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் கூடவே வந்தார்.

ஓடையில் முதலில் கண்ணில் படுவது பெலம்னைட். துப்பாக்கித் தோட்டா வடிவம், விரல் பருமன். கணவாயின் தூரத்துச் சொந்தமான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த பகுதி அது. மெல்லுடலிதான், ஆனால் நீந்தித் திரிந்தது. எங்கே வேண்டுமானாலும் செத்து விழுந்திருக்கலாம். அம்மோனைட் கதையும் அதுதான். அதன் ஓட்டுக்குள் அறை அறையாகக் காற்று இருந்ததால், உயிர் போன பிறகும் ஓடு மிதந்து போக முடியும். அதே போல அறைகள் கொண்ட ஓட்டோடு இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸின் காலி ஓடுகள், அது வாழாத கரைகளில்கூட ஒதுங்குகின்றன. ‘இங்கே கடல் இருந்தது’ என்று இவை சொல்லும். எவ்வளவு ஆழம் என்று இவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

சரி, யாரைத்தான் கேட்பது? சேற்றுக்குள்ளேயே குடியிருந்தவர்களை.

அரை மணி நேரம் முட்டி போட்டுத் தேடிய பிறகு சார் ஒரு இடத்தைக் காட்டினார். கட்டைவிரல் நகத்தளவு சிப்பி, இரண்டு ஓடும் மூடியபடி, களிமண்ணுக்குள் நிமிர்ந்து நின்றது. கையால் தொடாமல் குனிந்து பார்க்கச் சொன்னார். சிப்பியின் இரண்டு ஓடுகளையும் முதுகுப்பக்கம் ஒரு மீள்நார் இணைத்திருக்கிறது. அதன் வேலை ஓட்டைத் திறப்பது. உயிர் இருக்கும்வரை தசை இழுத்துப் பிடித்து மூடி வைக்கும். செத்ததும் தசை தளர்ந்து ஓடு திறந்துகொள்ளும். நாரும் அழுகினால் அலை ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோய்விடும். மூடியபடி நிமிர்ந்து நிற்கும் சிப்பி இடம் மாறவே இல்லை. அதன் வாக்குமூலத்தை நம்பலாம்.

அது என்ன சொல்கிறது? ஓடு மிக மெல்லியது. அலை அடிக்கும் இடத்தில் தாங்காது. சுற்றிலும் மாவு போன்ற களிமண். நீர் கலங்கிக்கொண்டே இருந்தால் இவ்வளவு நுண்ணிய மண் கீழே படியாது. நல்ல வானிலையில் அலையின் பிடி பத்துப் பதினைந்து மீட்டரோடு முடிந்துவிடும். புயல் என்றால் பல பத்து மீட்டர் வரை கடலடியைக் கலக்கும். அதற்கும் கீழே இருந்த சேறாக இருக்கலாம்.

“ஒதுக்குப்புறமான காயலிலும் களிமண் படியுமே சார்?” என்றேன்.

“படியும். ஆனா காயல்ல இத்தனை அம்மோனைட்டும் பெலம்னைட்டும் சேராது. இது திறந்த கடல்.”

எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்தது. சற்று முன் தள்ளிவைத்த சாட்சிகளே திரும்பி வந்து உதவுகின்றன.

அப்புறம் நேரடியாகவே கேட்டேன், எத்தனை மீட்டர் என்று. ஒரே எண்ணாகச் சொல்ல மறுத்துவிட்டார். “இதுக்குக் குறையாதுன்னு ஒரு கோடு, இதுக்கு மேல போகாதுன்னு ஒரு கோடு. ரெண்டுக்கும் தனித்தனி சாட்சி வேணும்.” இரண்டாவது கோட்டுக்கு ஒளி உதவும். பாசியினங்கள் ஓட்டில் போடும் நுண்துளைகள் நுண்ணோக்கியில் தெரிந்தால், அந்த ஓடு வெளிச்சம் எட்டும் ஆழத்தில் கிடந்திருக்கிறது என்று பொருள். ஏறக்குறைய 200 மீட்டருக்குக் கீழே அந்த வெளிச்சம் போதாது.

நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். கையை விரித்து அளப்பது, 6 அடி. ஆங்கிலேயரின் ஃபாதமும் அதே 6 அடிதான். பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1841-42இல் பீக்கன் என்ற கப்பலில் ஈஜியன் கடலுக்குப் போய், கடலடியை வாரி எடுக்கும் கருவியை அடிக்கு இறக்கி, பாகம் பாகமாகச் சிப்பிகளை அள்ளினார். ஆழம் கூடக்கூட இனங்கள் மாறுவதைப் பார்த்து, கடலை எட்டு மண்டலமாகப் பிரித்தார். 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்று அவர் கணித்தது பிறகு தவறாகிப் போனது. ஆனால் சிப்பியை வைத்து ஆழத்தைப் படிக்கும் வழி அங்கேதான் துலங்கியது. அதே ஃபோர்ப்ஸ்தான் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய தொல்லுயிர் ஓடுகளை விவரித்து 1846இல் வெளியிட்டார். ஈஜியனில் உயிருள்ள சிப்பிகளைப் பார்த்த அதே கண்கள் நம்மூர்க் கல்சிப்பிகளையும் பார்த்திருக்கின்றன. இதைச் சார் சொன்னபோது ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்கின்றன. அதனால் கிழக்கே போகப் போக இளைய பாறை. காரைக்குக் கிழக்கே கருடமங்கலத்தில் காலம் ஏறக்குறைய 9 கோடி ஆண்டு, காட்சியும் வேறு. களிமண்ணுக்குப் பதில் மணற்கல், நடுவே சிப்பிகளும் சங்குகளும் நெருக்கியடித்த சுண்ணாம்புக் கல். இதைத்தான் அறுத்து மெருகேற்றித் ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்றார்கள். நான் பார்த்த துண்டில் ஓடுகள் தடித்தவை, பல உடைந்தவை, ஏறக்குறைய எல்லாமே ஒற்றை ஓடுகள். கவிழ்த்த கிண்ணம் போல முதுகு மேலாகக் கிடந்தவையே அதிகம். நீரோட்டம் புரட்டினால் ஓடு கடைசியில் நிலைப்பது அப்படித்தான். இவை வீட்டில் இறந்தவை அல்ல, வாரிக் குவிக்கப்பட்டவை. ஆனால் குவித்த அலையே ஒரு சாட்சியாகிறது: அலையின் கைக்கு எட்டிய ஆழம், அதாவது காரையைவிடக் குறைவு.

அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் இன்னும் இளையது, ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. அதனால் வாரணவாசி அருங்காட்சியகத்தில்தான் அந்தத் தடித்த, வளைந்த ஆளிச் சிப்பிகளைப் பார்த்தேன். ஆளி என்றாலே ஆழம் குறைவு என்று முடிவு கட்ட எனக்குக் கை துடித்தது. அந்த வகையில் சில ஆழத்திலும் வாழும் என்று சார் தடுத்தார். கூட யார் யார் கிடக்கிறார்கள் என்று பார்த்த பிறகே பேச வேண்டுமாம்.

கடைசியாகக் கல்லமேடு. அந்தக் கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் அங்கே இருக்கின்றன. டைனோசர் எலும்புகள் கிடைத்த இடம். வெளிச்சம் மங்கும்வரை குனிந்தபடியே நடந்தேன். ஒரு கடல்சிப்பிகூடக் கண்ணில் படவில்லை. குறிப்பேட்டைத் திறந்து, பழைய வரியை அடித்துவிட்டு, காரைக்கு நேரே இரண்டு கோடுகள் போட்டேன். மேல் கோட்டில் ‘புயலலைக்குக் கீழே’ என்று எழுதினேன். கீழ் கோட்டுக்கு அந்தச் சின்னச் சிப்பியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதை அங்கேயே, நின்ற நிலையிலேயே விட்டு வந்திருக்கிறோம்.