விறாந்தைச் சுவருக்கு ஒரு மயில்

கிளிநொச்சியில் மாரி தொடங்கிவிட்டது. போன வருடம் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் வார்த்து விறாந்தைச் சுவரில் மாட்டிய மயில், ஈரம் குடித்து ஓரமெல்லாம் மாவாக உதிர்கிறது. பிழை என்னுடையதுதான். இறுகும்போது சற்றே விரிவதால் அந்தக் கலவை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்பும்; இறகின் மெல்லிய கோடுகூடத் தப்பாது. அந்த அழகில் மயங்கிவிட்டேன். தண்ணீர்தான் அதற்கு ஆகாது.

வார்த்தால் பிளாஸ்டிக் போல இறுகும் ரெசின்? விலையைக் கேட்டதோடு சரி.

இந்த முறை சீமெந்தும் அரித்த மணலும், ஒன்றுக்கு இரண்டு. அச்சில் எண்ணெய் தடவி வார்த்து, மறுநாள் கழற்றி, 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வைத்தேன். நுணுக்கம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. கனம்தான் பிரச்சினை, சின்ன ஆணி தாங்காது. "அம்மியையே சுவரில மாட்டப்போறாய்?" என்கிறார் அம்மா.