ஏற்றத்தில் நின்ற சிவிடி: சில நாட்குறிப்புகள்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, றம்பொடை ஏற்றத்தில் கார் இழுவையை இழந்தது. எஞ்சின் நாலாயிரம் சுற்றைத் தாண்டி இரைந்ததே ஒழிய, வேகம் இருபதுக்கு மேல் ஏறவில்லை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பின் ஒழுங்காக நகர்ந்த வண்டி, அடுத்த வளைவைத் தாண்டியதும் மறுபடியும் மக்கர் செய்தது. கயிறு கட்டி இழுத்துச் செல்ல முன்வந்த லொறிக்காரருக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். சிவிடி (CVT) எனப்படும் தானியங்கிக் கியர் பொக்ஸ் உள்ள இந்த வகைக் காரில், பொக்ஸின் ஒயில் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் ஓடாத நிலையில் முன்சக்கரங்கள் தரையில் உருண்டால், உள்ளிருக்கும் பாகங்கள் ஒயில் இல்லாமலே தேயும். கார் கெரியர் வந்து ஏற்றிச் செல்லும்போது இருட்டிவிட்டது.

2025 ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கானரில் பி0868 என்ற குறியீடு வந்தது: கியர் பொக்ஸ் ஒயிலின் அழுத்தம் போதவில்லை. "பொக்ஸ மாத்திருங்க தம்பி, ஜப்பான்ல இருந்து கழட்டி வந்தது இருக்கு" என்றார் மெக்கானிக். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிவிடியில் கியர்ப் பற்சக்கரங்களை மாற்றி மாற்றிப் போடும் வேலை கிடையாது. கூம்பு வடிவப் பக்கங்கள் கொண்ட இரண்டு கப்பிகளும், மெல்லிய உருக்கு வளையங்களில் நூற்றுக்கணக்கான உருக்குத் தகடுகளைக் கோத்துச் செய்த ஒரு பெல்ட்டும்தான் அதன் உயிர். கப்பிகளை இறுக்கிப் பிடிப்பது ஒயிலின் அழுத்தம்; அது குறைந்தால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும். அழுத்தம் குறைவதற்கோ ஒயில் குறைவு, அடைபட்ட வடிகட்டி, வால்வு பொடியில் (ஒயிலின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளின் தொகுதி) உள்ள சொலினொயிட் எனும் மின்வால்வு, தேய்ந்த பம்ப், பொய் சொல்லும் சென்சர் எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு முழுப் பொக்ஸையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடித்தட்டைக் கழற்றிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார்.

2025 ஆகஸ்ட் 16, சனி

முதலில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தோம். சென்சர் பொய் சொல்லவில்லை. சூடேறியதும் முள் நிலைகொள்ளாமல் ஆடியது. பம்ப் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறைந்தே கிடக்குமே தவிர இப்படித் துள்ளாது என்பது மெக்கானிக்கின் கணிப்பு; சந்தேகம் வால்வு பொடிமேல் விழுந்தது.

வடித்த ஒயில் ஆறிப்போன கறுப்புத் தேநீர்போல் இருந்தது. அடித்தட்டில் உள்ள காந்தங்களில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. அவர் அதை வழித்தெடுத்து, விரல்களுக்கிடையே தேய்த்து, டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்: மழமழப்பாகவே இருந்தது, நெருடலோ மினுங்கும் செதிலோ இல்லை. செதில் வந்திருந்தால் பெல்ட்டோ பெயரிங்கோ போய்விட்டது என்று பொருள். நான் வாதாடுவதை அன்றே நிறுத்தியிருப்பேன்.

இந்தக் கார் 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்பு ரீகண்டிஷனாக, அதாவது வெளிநாட்டில் பாவித்த வண்டியாக, வந்தது. ஏல அறிக்கையில் ஓடிய தூரமும் வண்டியின் தரமும் இருந்தன. கியர் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு வரியும் இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கும்வரை, இருந்ததை வைத்தே எல்லோரும் ஓட்டினோம். ‘சாதாரணப் பாவனையில் ஒயில் மாற்றத் தேவையில்லை’ என்ற உற்பத்தியாளர் வாக்கை மலைநாட்டில் வேதமாகக் கொள்வது, என் அபிப்பிராயத்தில், வீண் துணிச்சல்.

2025 ஆகஸ்ட் 22, வெள்ளி

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் கழிந்தது. ஒரே பெயரில் விற்கப்பட்ட கார் என்றாலும் சேசி இலக்கம் மாறினால் பொக்ஸும் மாறுகிறது. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கினால் பணம் போய்விடும். பாவித்த பொக்ஸின் விலை வால்வு பொடியைவிடப் பல மடங்கு அதிகம், அதன் பூர்வீகமும் யாருக்கும் தெரியாது. கழற்றிய சொலினொயிட்டின் மின்தடையும் சூட்டில் எல்லை தாண்டியிருந்ததால், சொலினொயிட்டுகளோடு சேர்ந்த புதிய வால்வு பொடியையே வாங்கினேன்.

2025 செப்டெம்பர் 2, செவ்வாய்

பொருத்தியாயிற்று. புதிய வால்வு பொடியோடு வந்த அளவீட்டுத் தரவுகளைக் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவதற்கு மட்டும் வேறொரு கராஜிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. மலிவான ஸ்கானருக்கு அந்த வேலை வராது. ஒயிலின் அளவைப் பார்க்கக் கோல் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் சுமார் 40 பாகை செல்சியஸுக்குச் சூடானதும், மட்டம் பார்க்கும் அடி ஆணியைத் திறந்து, வழியும் தாரை மெலிந்து சொட்டாகும் கணத்தில் மூட வேண்டும்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். அழுத்தம் ஆடவில்லை. மெதுவாக நகரத் தொடங்கும்போது மட்டும் ஒரு சிறு நடுக்கம் மிஞ்சியிருக்கிறது. பெல்ட் வழுக்கிய நாளில் கப்பியில் விழுந்த தடமாக இருக்கலாம். எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் பழைய ஒயில் கொஞ்சம் தங்கியிருப்பதால், 5,000 கிலோமீற்றரில் மீண்டும் ஒயிலை மாற்றி, காந்தங்களையும் இன்னொருமுறை பார்ப்பதாக ஏற்பாடு.